கூகுளிடம் கேள்வி கேட்காதீர்கள்!

யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கைப்பேசியை எடுத்து, வங்கியின் பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தட்டுகிறோம். மேலேயே ஓர் எண் வருகிறது. அழைத்தால் முதல் மணியிலேயே எடுக்கிறார்கள் (எந்த வங்கி அப்படி எடுத்திருக்கிறது? சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்). பணிவாகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்கிறார்கள். திரையைப் பகிரச் சொல்கிறார்கள். சிறிது நேரத்தில் கணக்கில் மிச்சமிருந்ததும் போய்விடுகிறது.

சைபர் கிரைம் போலீஸார் ஆண்டுக்கணக்காக எச்சரித்துவரும் மோசடி இது. இதில் ஏமாந்தவர்களைப் பார்த்து 'படித்தவர்களே இப்படியா' என்று கேட்பது சுலபம். ஆனால், அந்தப் போலி எண் எப்படி மேலே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்பதை நம்மைவிட அந்த மோசடிக்காரர் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். பதறிப்போனவர் என்ன தட்டுவார் என்பது அவருக்குத் தெரியும். அதே சொற்களைத் தலைப்பிலும் உள்ளேயும் போட்டு ஒரு பக்கம் தயாரிக்கிறார். அல்லது வரைபடத்தில் வங்கியின் பெயரில் ஓர் இடத்தைக் குறித்து எண்ணைச் சேர்க்கிறார். வசதி இருந்தால் காசு கொடுத்து விளம்பரமாகவே வைத்துவிடுகிறார். வங்கியின் சொந்தத் தளமோ 'தொடர்புக்கு', 'குறைதீர்ப்பு' என்று ஒரு மூலையில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறது. நம் சொல்லோடு யாருடைய சொல் பொருந்துகிறதோ அவருக்குத்தான் முதல் இடம்.

தேடுபெட்டியைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் என்ன ஆகிறது? நம் கேள்வியைப் போலவே எழுதப்பட்ட பக்கங்கள் வருகின்றன. 'எப்படி வாங்குவது?', 'முழு விவரம்', 'இதோ ஈஸி வழி' என்று தலைப்பு வைத்துக் காத்திருக்கும் பக்கங்கள் அவை. நமக்கு வேண்டிய விடையை எழுதிவைத்தவர் கேள்வி நடையில் எழுதியிருக்கவே மாட்டார். வாரிசுச் சான்றிதழ் பற்றி வருவாய்த் துறை எழுதிய பக்கத்தில் 'வாங்குவது எப்படி' என்ற சொற்கள் இருக்காது. 'வட்டாட்சியர்', 'விண்ணப்பதாரர்', 'இறப்புச் சான்றிதழ்', 'இணைக்கப்பட வேண்டிய ஆவணங்கள்' என்ற சொற்கள் இருக்கும். அரசாணையே வேண்டுமென்றால் அதன் தலையில் 'அரசாணை (நிலை) எண்' என்று இருக்கும். இந்தச் சொற்களைத் தட்டிப் பாருங்கள். வருகிற கூட்டமே வேறு.

விடை இருக்கிற பக்கத்தை எழுதியவர் எந்தச் சொற்களைப் போட்டிருப்பார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத் தட்டுவதுதான் துல்லியமான தேடலில் முக்கால் பங்கு. குறிகள், தந்திரங்கள் எல்லாம் மீதிக் கால் பங்கு.

வங்கி எண்ணுக்கு மட்டும் அந்தக் கால் பங்கே போதும். ஏ.டி.எம். கார்டின் பின்புறம் எண் அச்சிட்டிருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் தளத்தை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. வங்கி அல்லாதவருக்கு அந்த முகவரி கொடுக்கப்படாது. வங்கிப் பெயருக்குப் பக்கத்தில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி, அதற்கும் ஒட்டினாற்போல் 'பேங்க்.இன்' என்று ஆங்கில எழுத்தில் சேருங்கள். போலிகள் பெரும்பாலும் வடிந்துவிடும். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் தேடிக்கொண்டிருக்காமல் 1930ஐ அழையுங்கள்.

எள் என்றால் எண்ணெய்

1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் அல்டாவிஸ்டாவைத் திறந்தது. அன்றைக்கு அதுதான் பெரிய தேடுபொறி. உள்ளே நடந்தது எளிமையான வேலை. ஆங்கிலப் புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஓர் அட்டவணை இருக்குமே, அதே மாதிரி இணையம் முழுவதற்கும் ஓர் அட்டவணை. தட்டிய சொல் இருக்கும் பக்கங்களை அது எடுத்துக் கொடுத்தது. சொல் தவறினால் பக்கமும் தவறியது.

ஸ்டான்போர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998ல் தொடங்கிய கூகுள், வரிசைப்படுத்துவதில் புதுமை செய்தது. ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள், அதிலும் எவ்வளவு மதிப்புள்ள பக்கங்கள் சுட்டுகின்றன என்று கணக்கிட்டு அதை மேலே ஏற்றியது. அதன் பிறகுதான் ஊகம் நுழைந்தது. 2013ல் ஹம்மிங்பேர்டு, 2015ல் ரேங்க்பிரெயின், 2019ல் பெர்ட் என்று ஒவ்வொரு படியிலும், நாம் தட்டிய சொல்லைவிட்டு நாம் நினைத்திருக்கக்கூடிய பொருளைத் தேடத் தொடங்கியது. பிழையைத் தானே திருத்துகிறது. ஒத்த சொற்களைச் சேர்க்கிறது. தேவையில்லை என்று அதற்குத் தோன்றும் சொல்லைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறது. தினமும் வரும் தேடல்களில் 15 சதவிகிதம் அதுவரை யாரும் தட்டாதவை என்று கூகுள் சொல்கிறது. ஊகிக்காமல் அதற்கும் வேறு வழியில்லை.

எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற வேலைக்காரன். 'சென்னையில் இன்று மழை வருமா' என்று கேட்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால், நமக்கு வேண்டியதே எள்தான் என்கிற நாளில் இந்தச் சாமர்த்தியம் காலை வாருகிறது. ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்ல முன்பு கூட்டல் குறி இருந்தது. 2011ல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேடலிலிருந்து கூட்டல் குறியை எடுத்துவிட்டார்கள். அந்தச் சமூக வலைத்தளத்தை 2019ல் மூடினார்கள். கூட்டல் குறி திரும்பி வரவில்லை.

தேடல் அறிவியலின் பழைய பாடங்கள் இரண்டு இங்கே உதவும். 1972ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார்: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை அதிகம். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். பிறகு வந்த தேடுபொறிகள் பெரும்பாலும் இந்த எண்ணத்தின் மேல் நிற்பவை. 'எப்படி', 'சிறந்த', 'தகவல்', 'விவரம்' இவையெல்லாம் எடையில்லாத சொற்கள். மருந்தின் ரசாயனப் பெயர், சட்டப் பிரிவின் எண், குக்கிராமத்தின் பெயர் இவைதான் கனமானவை. 'வாஷிங் மெஷின் நின்றுவிட்டது என்ன செய்வது' என்று தட்டினால் சர்வீஸ் சென்டர் விளம்பரங்கள் வரும். கதவைத் திறந்தாலோ பின்பக்கம் எட்டிப் பார்த்தாலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும்; முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணுமாகப் பிழைக்குறி மின்னிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். நிறுவனத்தின் கையேடே வரக்கூடும்.

இன்னொரு பாடம் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் 1960களில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகளில் கிடைத்தது. வந்த விடைகளில் எத்தனை சரியானவை என்பது துல்லியம். சரியானவற்றில் எத்தனை வந்து சேர்ந்தன என்பது முழுமை. ஒன்றை இழுத்தால் மற்றொன்று தளரும். வலையைச் சிறிதாக்கினால் குப்பை குறையும், நல்லதும் சில தப்பிவிடும். ஆகவே ஒரே ஒரு சரியான விடை வேண்டுமா, இருப்பதெல்லாம் வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. மருத்துவரின் சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரையைப் பற்றிப் பார்ப்பவர் முதல் வகை. ஆய்வேட்டுக்குத் தகவல் திரட்டுபவர் இரண்டாம் வகை. இருவருக்கும் ஒரே தேடல் பொருந்தாது.

தனுஷ்கோடியைத் தேடி

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலைப் பற்றி, நடந்த காலத்திலோ அதை ஒட்டியோ எழுதப்பட்ட ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'தனுஷ்கோடி புயல்' என்று தட்டினால் சுற்றுலாப் பக்கங்களும் யூடியூப் காணொளிகளும் வரிசைகட்டும். எல்லாவற்றிலும் அதே இடிந்த தேவாலயம், கடல் கொண்டுபோன அதே பாம்பன்-தனுஷ்கோடி 653ஆம் எண் பாசஞ்சர். ஒரே வாக்கியம்கூடப் பல தளங்களில் சொல் மாறாமல் வரும். சந்தேகமிருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். எத்தனை பேர் நகலெடுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இருபது தளங்களில் இருப்பதால் ஒரு செய்தி இருபது மடங்கு உண்மை ஆகிவிடாது.

இனி, 1965ல் உட்கார்ந்து எழுதுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் 'தமிழ்நாடு' என்ற மாநிலம் கிடையாது. அந்தப் பெயர் 1969ல்தான் வந்தது. அவர் எழுதுவது 'மெட்ராஸ் ஸ்டேட்'. 'ஸ்ரீலங்கா'வும் கிடையாது, 1972 வரை அது 'சிலோன்'. அந்தப் புயல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் உலுக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தது. ஆகவே சிலோன் என்ற சொல் அந்தக் காலத்து எழுத்தில் கட்டாயம் இருக்கும். ஆங்கிலத்தில் பலர் தனுஷ்கோடி என்று எழுதாமல் ராமேஸ்வரம் புயல் என்றே எழுதினார்கள். 'ராமேஸ்வரம், சைக்ளோன், 1964, சிலோன், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் கொடுத்தவுடன் சுற்றுலாக்காரர்கள் பின்வாங்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் ஆங்கிலப் பக்கங்களில் விடாமல் போடும் சொல் 'கோஸ்ட் டவுன்'. 'கோஸ்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் இடைவெளியில்லாமல் ஒரு கழித்தல் குறியைப் போட்டால் மிச்சமிருப்பவர்களும் போய்விடுவார்கள்.

வானிலைக்காரர்கள் எழுதியது வேண்டுமா? வானிலை ஆய்வுத் துறையின் ஆய்விதழ் இப்போது 'மௌசம்' என்ற பெயரில் வருகிறது. 1964ல் அதன் பெயர் வேறு: 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மீட்டியராலஜி அண்ட் ஜியோபிசிக்ஸ்'. பழைய பெயரோடு, துறையின் தளத்துக்குள் மட்டும் தேடும்படி 'சைட்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் என்ன பேசினார்கள் என்று பார்க்க, நாடாளுமன்ற மின்னூலகத்துக்கே போய் அதன் தேடுபெட்டியில் தேடுவது மேல். கூகுள் அந்த ஆழத்துக்கெல்லாம் முழுக்கப் போவதில்லை.

பாம்பன் பாலம் இதைவிடச் சிக்கல். 1914ல் திறந்த பழைய பாலத்தைப் பற்றித் தேடினால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம்தான் கொட்டும். ஆங்கிலத்தில் 'பிஃபோர்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 2019 என்று சேர்த்தால் அந்த ஆண்டுக்கு முன் வெளியான பக்கங்கள் மட்டும் நிற்கும். புதுப் பாலத்தின் சத்தம் அடங்கிவிடும். 'ஆஃப்டர்' என்று போட்டால் எதிர்த்திசை. இந்த இரண்டும் 2019ல் வந்தவை. ஆனால், 'பிஃபோர்:1965' என்று போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அது பார்ப்பது பக்கம் இணையத்தில் ஏறிய தேதியை. 1965ல் இணையம் ஏது?

கனமான சொல் என்றேனே, பாம்பனுக்கு அப்படி ஒன்று உண்டு: 'ஷெர்ஸர்'. கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் நடுப்பகுதியின் வகைக்குப் பெயர் அது. பாலத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் அநேகம் பேர் இந்தச் சொல்லை எழுதமாட்டார்கள், பொறியாளர்கள் எழுதுவார்கள். 'பாம்பன் ஷெர்ஸர்' என்று ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். 1964 புயலுக்குப் பின் ரயில்வே பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் 46 நாட்களில் அந்தப் பாலத்தை நிமிர்த்திய கதையின் தொழில்நுட்பப் பக்கத்துக்கு வழி அதுதான்.

செத்த குறிகளும் உயிருள்ள குறிகளும்

'கூகுளின் 40 ரகசியங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல காலாவதியானவை. கூட்டல் குறியின் கதையைச் சொல்லியாயிற்று. ஒத்த சொல்லுக்கான அலைக்குறி 2013ல் போனது. அழிந்துபோன பக்கத்தின் பழைய படியைக் காட்டிய 'கேஷ்' 2024ல் போனது. அதற்கு இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்தான் கதி.

உயிரோடிருப்பவற்றில் தினசரி உதவுபவை நாலைந்துதான். அதில் ராஜா இரட்டை மேற்கோள். உள்ளே போட்ட சொற்கள் அதே வரிசையில், அதே வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. ஒற்றைச் சொல்லுக்கும் போடலாம். கழற்றிவிடாதே என்று அர்த்தம். எல்லாச் சொல்லுக்கும் போட்டுக்கொண்டிருக்கச் சோம்பலாக இருந்தால், கணினியில் விடைப் பக்கத்தின் மேலே 'டூல்ஸ்' என்பதைத் திறந்து 'வெர்பேட்டிம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஊகிப்பதை அது அநேகமாக நிறுத்திக்கொள்ளும். கூட்டல் குறியை எடுத்த அடுத்த மாதமே, எழுந்த முணுமுணுப்பைச் சமாளிக்கக் கொண்டுவந்த வசதி. ஏனோ இன்னமும் ஒளித்தே வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது 'சைட்'. ஒரு தளத்தை மட்டுமல்லாமல் ஒரு குடும்பத்தையே குறிக்கலாம். 'ஜிஓவி.இன்' என்றால் இந்திய அரசுத் தளங்கள், 'டிஎன்.ஜிஓவி.இன்' என்றால் தமிழக அரசு, 'ஜிஓவி.எல்கே' என்றால் இலங்கை அரசு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பழகவேண்டும். அரசுத் தளத்தைப் போலவே வேஷம் கட்டிய தளங்கள் கட்டணம் பிடுங்குவதாக வெளியுறவுத் துறையே எச்சரித்திருக்கிறது. 'சைட்'டுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் குறிப்பிட்ட தளத்தைத் தள்ளி வைக்கலாம். யூடியூபைத் தள்ளிவைத்துப் பாருங்கள், சில நாட்களில் அதுவே பெரிய நிம்மதி. 'ஃபைல்டைப்' என்று போட்டு 'பிடிஎஃப்' என்றால் சுற்றறிக்கை, கையேடு, வினாத்தாள், ஆண்டறிக்கை போன்றவை மட்டும் வரும். விளம்பரத்துக்காக எழுதும் கூட்டம் பிடிஎஃப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை என்பது கூடுதல் லாபம்.

தமிழில் தேடும்போது

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அதன் பன்மையையும் மற்ற வடிவங்களையும் தேடுபொறி தானே பார்த்துக்கொள்கிறது. தமிழில் அந்த அளவுக்கு இல்லை. கிணறு வேறு, கிணற்றில் வேறு, கிணற்றுக்கு வேறு, கிணறுகள் வேறு. 'கிணறு' என்று மேற்கோளில் போட்டால் கிணற்றில் விழுந்தவர் செய்தி வராது. இரண்டு மூன்று வடிவங்களை நடுவில் நிமிர்ந்த கோடு போட்டுக் கொடுக்கலாம்: கிணறு | கிணற்றில் | கிணறுகள். 'இதில் எதுவானாலும் சரி' என்று அதற்கு அர்த்தம். பெயர்களுக்கும் இது வேண்டும். ஜெயராமன் ஒருவரிடம் செயராமன். திருநெல்வேலி இன்னொருவரிடம் நெல்லை. பிரிட்டிஷ்காலத்து ஆவணம் என்றால் டின்னவெல்லி, டாஞ்சூர், டிரிச்சினோபோலி என்று ஆங்கிலத்தில் தட்டாமல் ஒன்றும் நகராது.

பழைய இலக்கியத்தில் பாதி நினைவிருக்கும் ஓர் அடியைத் தேடுகிறவர்கள், புணர்ச்சியில் சிக்காத இரண்டு சொற்களை மட்டும் மேற்கோளில் போடுவது நல்லது. ஒருவர் சேர்த்து அச்சிட்டதை இன்னொருவர் பிரித்து அச்சிட்டிருப்பார். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் நூல்கள் தட்டச்சு செய்த எழுத்தாகவே இருப்பதால் இப்படித் தேடினால் சிக்கும். இலங்கைத் தமிழரின் 'நூலகம்' தளத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி பக்கங்களைப் படம் பிடித்தவை. உள்ளே இருக்கும் வரியைத் தேடிப் பயனில்லை. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று அதன் பட்டியலில்தான் தேடவேண்டும்.

கடுப்பேற்றுவது அரசு ஆவணங்கள். 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்கும்வரை அலுவலகங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தன. அப்படி உருவான பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். அதில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்படும். இதற்கு மாற்று, ஆவணத்தின் எண், தேதி, துறையின் ஆங்கிலப் பெயர் ஆகியவற்றால் தேடுவது. யூனிகோடு வந்த பிறகும் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் போகவில்லை; அவையும் வெறும் படங்களே.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் விடைச் சுருக்கத்தைக் கொண்டுவந்த சில நாட்களில், பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லை என்றவருக்கு, சாஸில் கொஞ்சம் பசை கலக்கலாம் என்று யோசனை சொன்னது அது. ரெட்டிட்டில் யாரோ பதினோரு ஆண்டுகளுக்கு முன் கிண்டலாக எழுதியது மூலம். அன்றைக்கு இருந்ததைவிட இன்று தேறியிருக்கிறது என்பது உண்மைதான். என்றாலும், மற்றவர்கள் எழுதிய பக்கங்களைப் படித்துத்தான் அது சுருக்குகிறது. எடுத்த பக்கம் கோணல் என்றால் சுருக்கமும் கோணல். சுருக்கமே வேண்டாம் என்பவர்கள் விடைப் பக்கத்தின் மேலே 'வெப்' என்ற வடிகட்டியைத் தொடலாம். சில சமயம் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். வேண்டும் என்பவர்கள் கீழே கொடுத்திருக்கும் இணைப்பைத் திறந்து, சொன்ன செய்தி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முழுப் பக்கத்தையும் படிக்கத் தேவையில்லை. கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் பக்கத்துக்குள்ளேயே சொல்லைத் தேடலாம். கைப்பேசியில் பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவில் 'ஃபைண்ட் இன் பேஜ்' என்று இருக்கும். மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதைக் கூகுளில் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேனியல் ரஸ்ஸல், அமெரிக்க இணையப் பயனர்களில் 90 சதவிகிதத்தினருக்கு இந்த விசையே தெரியாது என்று 2011ல் சொன்னார்.